நாரத்தை சென்ற வழி

சீனப் புத்தாண்டு நெருங்கிவிட்டால் நம் ஊர்க் கடைத்தெருக்களில் மாண்டரின் ஆரஞ்சுப் பெட்டிகள் மலைபோல் குவிந்துவிடுகின்றன. இனமும் மொழியும் பாராமல் அண்டை வீட்டார்க்கு ஒரு பை பழம் கொடுப்பதும், அவர் தம் பங்குக்கு ஒரு பை தருவதும் நமக்கு வழக்கமாகிவிட்டன. அத்தகைய நாளொன்றில் வகுப்பிலே மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, ஆரஞ்சுக்குத் தமிழில் என்ன பெயர்?" என்று கேட்டாள். நான் விடை கூறுமுன்பே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "ஆரஞ்சு என்பதே தமிழ்ச் சொல்தான், வெள்ளைக்காரர்கள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்" என்றான். வகுப்பு கைதட்டியது.

அவன் கூறியது முழுப் பொய்யன்று. முழு உண்மையும் அன்று. ஒரு சொல்லின் பிறப்பை மட்டும் கூறிக் கைதட்டு வாங்கிவிட்டு, அது நடந்த நெடுவழியையும் அவ்வழியில் அதைச் சுமந்தவர்களையும் மறந்துவிடுவது வரலாறாகாது. அந்தச் சொல்லும் அப்பழமும் சென்று சேர்ந்த இடங்களுள் தலையாயது மத்தியதரைக் கடலின் கரை. அங்கே அது விருந்தாகப் புகுந்து, வீட்டுக்குரியதாகி, குளிர்காலச் சமையலின் உயிராகவே மாறிவிட்டது. அம்மாற்றம் எவ்வாறு நிகழ்ந்தது, அதற்கு உழைத்தவர் யாவர், உழைத்தவர்க்குக் கிடைத்தது யாது என்பனவற்றைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லின் பயணம்

ஸ்பானியர் இப்பழத்தை 'நரன்ஹா' என்பர். அச்சொல் அரபு மொழியின் 'நாரஞ்ச்' என்பதிலிருந்து வந்தது. அரபியர் அதனைப் பாரசீகரின் 'நாரங்' என்பதிலிருந்து பெற்றனர். பாரசீகர்க்கு அது வடமொழியின் 'நாரங்க' என்ற வடிவில் கிடைத்தது. வடமொழிக்கு அது திராவிட மொழிகளிலிருந்து சென்றிருக்க வேண்டும் என்பது மொழிநூலார் பலர் கொண்ட முடிவு. தமிழில் நாரத்தை, மலையாளத்தில் நாரங்ங, தெலுங்கில் நாரிஞ்ச என்ற சொற்கள் இன்றும் வழங்குகின்றன. குறிஞ்சிப்பாட்டின் பூ வரிசையிலே 'நரந்தம்' இடம்பெற்றிருப்பதைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவர். இத்தாலிய மொழியை அடைந்தபோது அச்சொல்லின் முதலிலிருந்த நகரம், 'ஒரு' எனப் பொருள்படும் 'உன்' என்ற சொல்லோடு ஒட்டி மறைந்து, 'அராஞ்சா' என்றாயிற்று. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், ஆங்கிலம் வழியாக 'ஆரஞ்சு' என்று நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.

இதனை அறியும்போது உள்ளம் மகிழ்வது இயல்பே. ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. நாரத்தை வகைகளுள் ஒன்றுக்குக் கடாரங்காய் என்று பெயர். அப்பெயரைக் கேட்டவுடன் நம் மாணவர்க்குக் கெடா மாநிலமும் இராசேந்திர சோழனும் நினைவுக்கு வரலாம். பெயர் ஒத்திருப்பதை மட்டும் சான்றாகக் கொண்டு வரலாறு எழுதுதல் தகாது. மேலும், சொல் ஓரிடத்தில் பிறந்தது என்பதால் பழமும் அங்கேயே பிறந்தது என்றாகிவிடாது. 2018-இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, எலுமிச்சைக் குடும்பத்து மரங்களின் தாயகம் இமயமலையின் தென்கிழக்கு அடிவாரம் என்று கூறுகிறது. அசாமின் கிழக்குப் பகுதி, பர்மாவின் வடபகுதி, சீனத்து யுன்னானின் மேற்குப் பகுதி ஆகியவை அவ்வட்டாரத்தில் அடங்கும். அங்கிருந்து ஆசியா எங்கும் பரவிய சில மூல இனங்கள் தமக்குள் கலந்தே நாம் இன்று உண்ணும் பழங்கள் தோன்றின. பம்பளிமாசும் மாண்டரினும் கலந்து புளிப்பு ஆரஞ்சு பிறந்தது. புளிப்பு ஆரஞ்சும் சிட்ரானும் கலந்து மஞ்சள் நிற எலுமிச்சை பிறந்தது. இன்று மத்தியதரைக் கடலோரத்தின் அடையாளமாக ஓவியங்களிலே தீட்டப்படும் அந்த மஞ்சள் எலுமிச்சை இவ்வாறு இருமுறை கலந்த ஒரு கலப்பினமே.

முதலில் வந்த விருந்து

இக்குடும்பத்திலிருந்து மத்தியதரைக் கடற்கரையை முதலில் அடைந்தது சிட்ரான் என்னும் பெரும்பழம். வடமொழியார் இதனை மாதுலுங்கம் என்பர். தடித்த தோலும் சிறிதளவே சாறும் உடையது. மணமோ வீடு முழுவதும் வீசும். எருசலேமுக்கு அருகிலுள்ள ராமத் ராகேல் என்னுமிடத்தில், பாரசீகப் பேரரசுக் காலத்து அரண்மனைத் தோட்டம் ஒன்றின் சுவர்ச்சாந்திலே இம்மரத்தின் மகரந்தத் துகள்கள் சிக்கியிருந்ததை ஆய்வாளர்கள் கண்டறிந்து 2012-இல் வெளியிட்டனர். அத்துகள்கள் ஏறத்தாழ 2,400 ஆண்டுகளுக்கு முற்பட்டவை.

அரிஸ்டாட்டிலின் மாணவரான தியோபிராஸ்டஸ், கி.மு. 300-ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய தாவர நூலில் இதனை 'மீடிய ஆப்பிள்' என்று குறிப்பிடுகிறார். இப்பழம் உண்ணப்படுவதில்லை என்றும், துணிகளுக்கிடையே வைத்தால் பூச்சி அரிக்காது என்றும், நஞ்சுக்கு மாற்றாகும் என்றும் அவர் கூறுகிறார். அலமாரியிலும் மருந்துப் பெட்டியிலும் இடம்பெற்ற பழம் அடுக்களையில் இடம்பெறவில்லை என்பது இதனால் விளங்கும். உரோமர் காலத்திலே பிளினி என்பார், வேர்கள் மூச்சுவிடத் துளையிட்ட மண்சட்டிகளில் இக்கன்றுகளை வைத்துப் பல நாட்டார் கொண்டுசென்றும் அவை பிறமண்ணில் வளர மறுத்தன என்று எழுதினார்.

புளூட்டார்க் என்ற கிரேக்க அறிஞர் தரும் செய்தி இன்னும் சுவையானது. முன்னோர் வெறுத்த பல பண்டங்கள் பின்னோர்க்கு விருப்பமானவை ஆகிவிட்டன என்று கூறும் அவர், தம் காலத்து முதியோர் பலர்க்கு இன்னும் சிட்ரானும் மிளகும் வாயில் வைக்க இயலாதவை என்கிறார். மிளகு எங்கிருந்து சென்றது என்று நம் வாசகர்க்குச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மிளகும், கீழைக் காட்டின் பழமும் உரோமப் பேரரசின் ஒரே உணவு மேசையிலே அயலாராக நின்ற காட்சியை இங்கே காண்கிறோம்.

யூதர் வாழ்விலோ இப்பழம் வேறு விதமாக வேரூன்றியது. கூடாரத் திருவிழாவிலே கையில் ஏந்தும் புனிதப் பொருளாக அது ஆயிற்று. உரோமருக்கு எதிராகக் கி.பி. 66 முதல் 70 வரை நடந்த கிளர்ச்சியின்போது யூதர் அச்சிட்ட காசுகளிலே இப்பழத்தின் உருவம் காணப்படுகிறது. உரோம் நகரத்திலும் எலுமிச்சை விதைகள் அகழ்வாய்வில் கிடைத்துள்ளன. ஆயினும் அந்நாள்களில் அது செல்வர் தோட்டத்து அரும்பொருளாகவே இருந்தது, மக்கள் உணவாகவில்லை. மக்கள் உணவாவதற்கு ஒரு பொருளுக்கு வேண்டியது நீர். நீரைப் பங்கிடும் அறிவு. அவ்வறிவு பின்னரே வந்தது.

நீரைக் கொணர்ந்தவர்கள்

மத்தியதரைக் கடல் நாடுகளின் தட்பவெப்பம் நமக்குப் புதுமையானது. அங்கே மழை பெய்வது குளிர்காலத்தில். கோடையோ மாதக்கணக்கில் வறண்டு கிடக்கும். கோடையைத் தாங்காமல் வாடும் இம்மரங்களுக்கு அம்மாதங்களில் நீர் பாய்ச்சினால்தான், கார்த்திகை தொடங்கி மாசி பங்குனி வரை அவை பழம் தரும். திராட்சையும் அத்தியும் முடிந்து, தோட்டங்கள் வெறிச்சோடிக் கிடக்கும் பருவத்திலே மரம் முழுவதும் பொன்னிறமாகப் பழுத்து நிற்பது இவ்வொரு குடும்பமே. கோடையில் மனிதன் ஊற்றிய நீரைக் குளிர்காலத்தில் மரம் சாறாகத் திருப்பித் தருகிறது எனலாம்.

இந்த உழவு முறையைக் கொணர்ந்தவர்கள் அரபு மொழி பேசிய மக்கள். 10ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் அல்-மசூதி, புளிப்பு ஆரஞ்சு ஹிஜ்ரி 300-க்குப் பின், அதாவது கி.பி. 912-க்குப் பின், இந்தியாவிலிருந்து ஓமானுக்குக் கொணரப்பட்டது என்றும், பின்னர் பாஸ்ராவுக்கும், ஈராக்குக்கும், சிரியாவின் கடற்கரைக்கும், பாலஸ்தீனத்துக்கும், எகிப்துக்கும் பரவியது என்றும் எழுதியுள்ளார். எழுதிவிட்டு ஓர் ஏக்கத்தையும் வெளியிடுகிறார்: இந்தியாவில் அதற்கிருந்த நறுமணமும் அழகிய நிறமும் புதிய நாட்டில் இல்லாமற் போயின, அந்நாட்டின் காற்றும் மண்ணும் நீரும் இங்கே இல்லாமையே காரணம் என்பது அவர் கருத்து. புலம்பெயர்ந்த ஒன்றைப் பற்றி எழுதப்பட்ட இவ்வரிகளைப் புலம்பெயர்ந்தோர் வழிவந்த நாம் படிக்கும்போது சற்று நின்றே மேலே செல்கிறோம்.

சிசிலித் தீவின் பலெர்மோ நகரம் 831-இல் முஸ்லிம் ஆட்சிக்கு உட்பட்டது. ஸ்பெயினின் பெரும்பகுதியை அவர்கள் அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வென்றிருந்தனர். இரு நாட்டிலும் அவர்கள் கிணறு தோண்டினர், ஏற்றமும் நீர்ச்சக்கரமும் அமைத்தனர், தொட்டி கட்டினர், வாய்க்கால் வெட்டினர். வாய்க்காலுக்கு ஸ்பானியர் 'அசேக்கியா' என்பதும், சிசிலியர் 'சையா' என்பதும், நீர்த்தொட்டியைச் சிசிலியர் 'ஜெப்பியா' என்பதும் அரபுச் சொற்களின் திரிபுகளே. ஆரஞ்சுப் பூவுக்கு ஸ்பானிய மொழியில் 'அசகார்' என்று பெயர். அதுவும் அரபுச் சொல்லே. 12ஆம் நூற்றாண்டிலே செவில் நகரத்தைச் சேர்ந்த இப்னு அல்-அவ்வாம் எழுதிய வேளாண்மைப் பெருநூல், இக்குடும்பத்து மரங்களை நடும் முறையையும் ஒட்டுப் போடும் முறையையும் நுணுக்கமாக விளக்குகிறது. கோர்தோபாவின் பெரிய பள்ளிவாசல் பிற்காலத்தில் கிறித்தவத் தேவாலயமாக மாறிவிட்டது. அதன் முற்றமோ இன்றும் ஆரஞ்சு மரங்களின் முற்றம் என்றே வழங்குகிறது.

வலென்சியா நகரத்திலே வாரந்தோறும் வியாழக்கிழமை நண்பகலில், பேராலயத்தின் வாயிலருகே உழவர் பிரதிநிதிகள் கூடி, வாய்க்கால் நீர் பற்றிய வழக்குகளைத் தீர்ப்பர். வழக்கறிஞர் இல்லை, விசாரணை எல்லாம் வாய்மொழியே. முஸ்லிம் ஆட்சிக் காலத்து மரபின் தொடர்ச்சியாகப் போற்றப்படும் அந்த நீர் மன்றத்தை 2009-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவித்தது.

அடுக்களையில் அமர்ந்த கதை

நீர் பாய்ந்த பின்னரே பழம் அடுக்களைக்குள் நுழைந்தது. அரபுச் சமையலிலே எலுமிச்சைச் சாறு சேர்த்த இறைச்சிக் குழம்புக்கு 'லைமூனிய்யா' என்று பெயர். 1300-ஐ ஒட்டி நேப்பிள்ஸ் அரசவையைச் சார்ந்து இலத்தீன் மொழியில் எழுதப்பட்ட சமையல் நூலொன்றிலே 'லிமோனியா' என்ற உணவு காணப்படுகிறது. கோழியை வெங்காயத்தோடு கொழுப்பில் வதக்கி, வாதுமைப் பாலில் வேகவைத்து, இறக்கும்போது எலுமிச்சைச் சாறு சேர்ப்பது அதன் முறை. சமயத்தாலும் போராலும் பிரிந்து நின்ற இரு சமுதாயங்களின் சமையற்காரர்கள் ஒரே பாத்திரத்தைக் கிளறிக்கொண்டிருந்தனர் என்பதற்கு இப்பெயரே சான்று. அமெரிக்காவிலிருந்து தக்காளி வந்து நிலைபெறும்வரை, இத்தாலியச் சமையலில் புளிப்புக்குப் பயன்பட்டவை காடியும், பழுக்காத திராட்சையின் சாறும், புளிப்பு ஆரஞ்சும் ஆகும்.

கெய்ரோவில் சுல்தான் சலாகுதீனின் மருத்துவராக இருந்த இப்னு ஜுமை என்ற யூதர், 12ஆம் நூற்றாண்டில் எலுமிச்சையைப் பற்றி மட்டுமே ஒரு நூல் எழுதினார். எலுமிச்சையை உப்பிலிட்டுக் காக்கும் முறையை அந்நூல் கூறுகிறது. மொரோக்கோ நாட்டு இல்லங்களிலே இன்றும் அம்முறை வாழ்கிறது. குளிர்காலத்தில் பழுத்த எலுமிச்சையை அடி பிரியாமல் நான்காகக் கீறி, கீறலில் உப்பைத் திணித்து, சாடியிலே நெருக்கி அமுக்கி வைப்பர். பழத்தின் சாறே மேலெழுந்து அதனை மூடிக்கொள்ளும். ஒரு மாதம் சென்றால் தோலின் கசப்பு நீங்கி, வெண்ணெய்போல் மென்மையாகும். பிறகு சதையை ஒதுக்கிவிட்டுத் தோலை மட்டும் அரிந்து, குங்குமப்பூவும் இஞ்சியும் சேர்த்த கோழிக் குழம்பில் ஆலிவ் காய்களோடு இடுவர். நாரத்தங்காயைச் சுருள் சுருளாக அரிந்து உப்பிட்டு வெயிலில் காயவைத்த நம் பாட்டியர்க்கு இம்முறையை விளக்க அதிகம் சொல்ல வேண்டியிராது. வெயில் மிகுந்த நாட்டார் உலர்த்தினர். குளிர்காலத்தில் அறுவடை செய்தவர் சாடியில் அடைத்தனர். வேறுபாடு அவ்வளவே.

கிரேக்கர் குளிர்காலத்திலே விரும்பி உண்பது 'அவ்கோலேமோனோ' என்னும் முட்டை எலுமிச்சைச் சாறு. கோழியை வேகவைத்த நீரிலே அரிசியை இட்டுக் குழைய வைப்பர். முட்டையையும் எலுமிச்சைச் சாற்றையும் தனியே நுரைக்க அடித்து, கொதிநீரை அகப்பை அகப்பையாக அதில் ஊற்றிக் கலந்து சூடேற்றுவர். பின்னர் அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்திலே அக்கலவையைச் சேர்ப்பர். அவசரப்பட்டால் முட்டை திரிந்துவிடும். துருக்கியரிடமும், சிரியரிடமும், ஸ்பெயினிலிருந்து வெளியேறிய யூதர்களிடமும், உரோம் நகரத்தாரிடமும் இதே முறை வெவ்வேறு பெயர்களில் காணப்படுகிறது. ஒரு கடலைச் சுற்றியுள்ள அத்தனை பேரும் தத்தம் பாட்டியின் கைப்பக்குவம் என்று உரிமை பாராட்டும் ஓர் உணவு இது.

சிசிலியரின் ஆரஞ்சுப் பச்சடியோ இன்னும் எளியது. ஆரஞ்சைத் தோலுரித்து வட்டமாக அரிந்து, மெல்லிய வெங்காயமோ பெருஞ்சோம்புக் கிழங்கோ சேர்த்து, உப்பும் ஆலிவ் எண்ணெயும் கருப்பு ஆலிவ் காயும் இட்டு, மேலே மிளகைப் பொடித்துத் தூவுவர். பழத்துக்கு உப்பும் எண்ணெயுமா என்று முதலில் வியக்கிறோம். மாங்காய்க்கும் கொய்யாவுக்கும் உப்பும் மிளகாயும் தொட்டு உண்ணும் நாம் வியப்பதில் நியாயமில்லை. புளூட்டார்க் காலத்து முதியவர் வாயில் வைக்க இயலாதவை என்று ஒதுக்கிய மிளகும் அப்பழத்தின் இனமும் சிசிலியிலே இன்று ஒரே தட்டில் கூடியிருக்கின்றன. ஸ்பெயினின் மாலகா நகரத்தார் இதே ஆரஞ்சை, வட அட்லாண்டிக் கடலிலிருந்து வரும் உப்பிட்ட மீனோடும், அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கோடும் கலந்து உண்பர். ஒரு தட்டில் எத்தனை கண்டங்கள்!

இங்கே ஓர் உண்மையை மனங்கொள்ள வேண்டும். இந்த உணவுகளில் இடம்பெறும் இனிப்பு ஆரஞ்சு அரபியர் காலத்தது அன்று. 15, 16ஆம் நூற்றாண்டுகளில் ஜெனோவா வணிகரும் போர்த்துகீசியரும் அதனைப் பரப்பினர். எனவேதான் கிரேக்கர் அதனை 'போர்த்தோகாலி' என்றும், துருக்கியர் 'போர்த்தகால்' என்றும், அரபியர் 'புர்துகால்' என்றும் போர்ச்சுகல் நாட்டின் பெயரால் அழைக்கின்றனர். கிரேக்க மொழியில் பழைய 'நெரான்சி' என்ற சொல், சர்க்கரைப் பாகிலிட்டுக் கரண்டியால் உண்ணும் புளிப்பு ஆரஞ்சுக்கு உரியதாகச் சுருங்கிவிட்டது. நாம் சீனப் புத்தாண்டுக்கு வாங்கும் மாண்டரின் மத்தியதரைக் கடலுக்குச் சென்றது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அல்ஜீரியாவில் ஓரான் நகருக்கு அருகே அனாதைச் சிறுவர் இல்லமொன்றின் தோட்டத்தில் அதிலிருந்து தோன்றிய புதுவகை, தோட்டத்தைப் பேணிய கிளமென்ட் என்ற துறவியின் பெயரால் 1902-இல் 'கிளமெண்டைன்' எனப்பட்டது. தொன்மையானது என்று நாம் எண்ணும் ஓர் அடுக்களை, நூற்றாண்டுதோறும் புதியவர்க்கு இடம் விட்டுக்கொடுத்தே தொன்மையாகியிருக்கிறது.

பழம் தங்கியது, மனிதர் சென்றனர்

அடுக்களை காட்டிய பெருந்தன்மையை அரசுகள் காட்டவில்லை. சிசிலியை நார்மானியர் வென்ற பின்னும் சில தலைமுறைகள் அங்கே முஸ்லிம் உழவர் வாழ்ந்தனர். 1220-களில் இரண்டாம் பிரெடரிக் மன்னர் அவர்களைத் தென் இத்தாலியின் லூச்சேரா என்னும் ஊருக்குக் கூட்டங்கூட்டமாகக் கடத்தினார். 1300-இல் அக்குடியிருப்பும் அழிக்கப்பட்டது. ஸ்பெயினிலிருந்து 1492-இல் யூதர் வெளியேற்றப்பட்டனர். மதம் மாறியும் ஐயத்துக்கு ஆளாகியே வாழ்ந்த முஸ்லிம் வழித்தோன்றல்களை 1609-இல் தொடங்கி ஸ்பானிய அரசு நாடுகடத்தியது. மூன்று இலட்சம் பேர் அளவில் சென்றனர். வலென்சியப் பகுதியில் மட்டும் மக்கள்தொகையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினர். அவர்தம் முன்னோர் வெட்டிய வாய்க்கால்கள் நின்றன, வாய்க்காலின் பெயர்கள் நின்றன, மரங்களும் நின்றன. வலென்சியாவின் கார்காஹென்ட் என்ற ஊரிலே 1781-இல் ஒரு பாதிரியார் வணிகத்துக்கென ஆரஞ்சுத் தோட்டம் இட்டார். அதுவே அப்பகுதியின் செல்வத்துக்கு வித்தாயிற்று. 

தென் இத்தாலியின் கலாப்ரியாவிலும் இதே கதைதான். நேப்பிள்ஸ் அரசு 1541-இல் யூதர்களை முற்றாக வெளியேற்றிற்று. இருப்பினும் திருவிழாவுக்குரிய சிட்ரான் மரங்கள் அங்கே நிலைத்தன. இன்றும் கோடைதோறும் யூத குருமார் அக்கடற்கரைக்கு வந்து, உள்ளூர் உழவரோடு முள் நிறைந்த கிளைகளுக்கு அடியே குனிந்து, குற்றமற்ற பழங்களைத் தேர்ந்தெடுத்துச் செல்கின்றனர்.

புளிப்பும் பொருளாதாரமும்

1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஸ்கர்வி நோயுற்ற 12 மாலுமிகளை இருவர் இருவராகப் பிரித்து வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் பெற்றவர்களே விரைந்து தேறினர். ஆயினும் 1795-இல்தான் பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றை முறையாக வழங்கத் தொடங்கியது. அதன்பின் சிசிலியின் எலுமிச்சைக்கு உலகெங்கும் தேவை பெருகியது. பலெர்மோவைச் சூழ்ந்த 'பொற்சிப்பி' என்னும் சமவெளி முழுவதும் தோட்டமாயிற்று.

விலைமதிப்புள்ள பழம் மரத்தில் தொங்கிற்று, சட்டமோ வலுவற்றிருந்தது, நீரோ குறைவு. எனவே காவலாளரும், நீர் பங்கிடுவோரும், தரகரும் ஆதிக்கம் பெற்றனர். 'மாஃபியா' என்னும் கொடிய அமைப்பு எலுமிச்சை விளைந்த வட்டாரங்களிலே வேரூன்றியமைக்கு இதுவும் ஒரு காரணம் என்று 2017-இல் வெளிவந்த பொருளாதார வரலாற்று ஆய்வொன்று காட்டுகிறது. அந்தச் சமவெளியின் பெரும்பகுதி 1950, 1960-களில் கட்டடங்களுக்கு இரையாகிவிட்டது.

பழம் பறிக்கும் கைகளும் மாறின. கலாப்ரியாவின் ரோசார்னோ என்ற ஊரிலே குளிர்காலந்தோறும் ஆரஞ்சு பறிக்க வருவோரில் ஆப்பிரிக்கத் தொழிலாளர் பெருகினர். கைவிடப்பட்ட தொழிற்சாலைகளிலே மின்சாரமும் குழாய்நீருமின்றி அவர்கள் தங்கினர். 2010 ஜனவரியில் அவர்களுள் சிலர்மீது உள்ளூரார் சுட்டதைத் தொடர்ந்து கலவரம் மூண்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் சில நாள்களுக்குள் அவ்வூரைவிட்டு அகற்றப்பட்டனர். மரங்களிலே பழம் அப்படியே இருந்தது. 1609-க்கும் 2010-க்கும் இடையே நானூறு ஆண்டுகள் இருக்கலாம். பழத்தை ஏற்று மனிதரை விலக்கும் மனப்பான்மை மாறவில்லை.

இதனைக் கூறி ஒரு நாட்டாரைப் பழிப்பது என் கருத்தன்று. பிரேசில் நாட்டு ரப்பர்க் கன்றுகள் 1877-இல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை வந்தடைந்தன. அம்மரம் இம்மண்ணுக்குரியதாகிவிட்டது. அதன் பாலை எடுத்த கைகள் யாருடையவை என்பதைத் தோட்டப்புறத்துப் பாட்டன் பாட்டியரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் நன்கறிவோம். ஆகவே பிற மண்ணிலே பிற மக்கள் நட்ட மரத்தின் கதையைப் படிக்கும் கடமை நமக்கு மற்றவரினும் மிகுதி.

இழந்த நிறமும் பெற்ற நிறமும்

மீண்டும் அல்-மசூதியின் ஏக்கத்தை நினைத்துப் பார்ப்போம். புதிய நாட்டில் பழம் தன் நிறத்தை இழந்தது என்று அவர் வருந்தினார். இயற்கை நூலார் இன்று கூறுவது வேறு. ஆரஞ்சுத் தோலின் பச்சை நிறம் மறைந்து பொன்னிறம் வெளிப்படுவதற்கு இரவுக் குளிர் தேவை. குளிரே இல்லாத நம் நாட்டில் இப்பழங்கள் கனிந்த பின்னும் பச்சையாகவே இருப்பதை நாம் காண்கிறோம். சிசிலியில் எட்னா எரிமலையின் சரிவிலே விளையும் ஒருவகை ஆரஞ்சின் உட்சதை இரத்தம்போல் சிவந்திருக்கும். குளிர் தாக்கினால் மட்டுமே விழித்தெழும் மரபணுக் கூறொன்று அச்சிவப்புக்குக் காரணம் என்பதை 2012-இல் அறிவியலார் கண்டறிந்தனர். பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிரும் மாறிமாறி வருத்தும் அச்சரிவிலேதான் அப்பழம் நன்கு சிவக்கிறது. வெப்ப நாட்டில் அந்நிறம் வாராது. புலம்பெயர்ந்த பழம் பழைய மணத்தில் ஒரு பங்கை இழந்தது உண்மையாகலாம். அது புதிய நாட்டின் குளிரைத் தாங்கிப் பெற்ற நிறமும் உண்மையே.

அடுத்த நாள் வகுப்பிலே இக்கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். பின்வரிசை மாணவன், "அப்படியானால் ஆரஞ்சு தமிழ்ச் சொல் இல்லையா, ஐயா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டான். "நம் சொல்லும் அதில் இருக்கிறது, பாரசீகரும் அரபியரும் ஸ்பானியரும் அதில் இருக்கிறார்கள். ஒருவரை விட்டாலும் அந்தச் சொல் உன்னிடம் வந்து சேர்ந்திராது" என்றேன். சிறிது நேரம் எண்ணிப் பார்த்த அவன், "அந்த வாய்க்கால் வெட்டினவர்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டான்.

முதல் நாள் வகுப்பு அவனுக்குக் கைதட்டியது. இரண்டாம் நாள் யாரும் கைதட்டவில்லை. எல்லாரும் விடைக்காகக் காத்திருந்தனர். வரலாற்றுப் பாடம் தொடங்க வேண்டிய இடம் அந்தக் கேள்விதான் என்று கருதுகிறேன். அன்றைய பாடவேளை முழுவதையும் அதற்கே செலவிட்டேன்.